“உன் இஷ்டம்” என்றால் உன் இஷ்டமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் திருமணமாகி ஆறு மாதம். ஒரு சனிக்கிழமை இரவு மாமியாரிடம், “நாளைக்கு அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வரட்டுமா அத்தை?” என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் “உன் இஷ்டம்மா” என்றார். நீங்களும் போனீர்கள். திரும்பி வந்தபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிறு மதியம் நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக வெள்ளிக்கிழமையே வீட்டில் பேச்சு இருந்தது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு “சாரி அத்தை” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். “பரவாயில்லை” என்று ஒற்றைச் சொல் வந்தது. “அவர் சொன்னதைத்தானே நான் செய்தேன்? இதில் தப்பு என்னுடையதா? ஒரு சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள், வீட்டில் ஒரு பொருளா?” என்று கேட்கிறீர்கள்.

ஆமாம், வீட்டில் வேறு பொருள்தான். ஆனால் அது யார் இஷ்டத்துக்கும் மாறுவதில்லை. அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மாமியார் சொன்னது புதிராகத் தெரியாது.

வெளி மாநிலங்களிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். சொற்களும் விகுதிகளும் சில மாதங்களில் படிந்துவிடும். எதை எந்த இடத்தில் எடுக்க வேண்டும், எதிராளி சொன்னதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குத்தான் வருடக்கணக்காகும். தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் புதிதாக ஒரு வீட்டுக்குள் போனால் கொஞ்ச காலம் அந்த மாணவர்களைப் போலத்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பேச்சு உண்டு.

முதலில் உங்கள் “உன் இஷ்டம்” என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஜவுளிக்கடையில் இரண்டு புடவைகளை எதிரே விரித்து வைத்துக்கொண்டு, “எதை எடுக்கட்டும் அத்தை?” என்று கேட்கிறீர்கள். “ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு, உன் இஷ்டம்மா” என்கிறார். அங்கே அது உண்மையிலேயே உங்கள் இஷ்டம். உங்கள் கேள்வி ‘எது’ என்று கேட்டது, அந்தத் தேர்வை அவர் உங்களிடமே கொடுத்துவிட்டார். கேள்வியும் விடையும் பொருந்துகின்றன.

சனிக்கிழமை இரவு நீங்கள் கேட்டது ‘போகட்டுமா’ என்று. அதற்கு நம் வீடுகளில் தயாராக ஒரு விடை இருக்கிறது: “போய்ட்டு வாம்மா.” நாக்கு நுனியில் இருக்கும் விடை அது. மனம் ஒப்பியிருந்தால் தானாக வந்திருக்கும். கூடவே “அம்மாவைக் கேட்டதா சொல்லு” என்றும் வந்திருக்கும். அது வராமல் அந்த இடத்தில் வேறொன்று வந்தது. வரவேண்டிய சொல் வராமல் போனதும் ஒரு செய்திதான். “போகாதே” என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, “போய்ட்டு வா” என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்க நம் மொழியில் இருக்கிற இடம் “உன் இஷ்டம்”.

பள்ளிக்கூடத்தில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று படித்திருப்பீர்கள். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் வருவது அது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு எல்லாரும் மறந்துவிடுகிறோம். எனக்கோ இலக்கணத்தில் அன்றாட வாழ்க்கைக்கு இதைவிட நெருக்கமான பகுதி வேறு இல்லை என்று தோன்றும். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் தங்கள் வீட்டுப் பேச்சைத்தான் எடுத்து வைப்பார்கள்.

எட்டு விடைகளில் சுட்டு (சுட்டிக் காட்டுவது), மறை (மறுப்பது), நேர் (ஒப்புக்கொள்வது) மூன்றும் நேரடியானவை. மீதி ஐந்து, ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. “கல்யாணத்துக்கு வர்றியா?” என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். “நீ போய்ட்டு வா” என்றால் ஏவல். “நான் வராம இருப்பேனா?” என்றால் கேள்விக்குக் கேள்வி. “ரெண்டு நாளா காய்ச்சல்” என்றால் நடந்ததைச் சொல்வது, அதாவது உற்றது உரைத்தல். “பஸ்ல அவ்வளவு தூரம் வந்தா தலை சுத்தும்” என்றால் இனி நடக்கப்போவதைச் சொல்வது, உறுவது கூறல். “ரிசப்ஷனுக்கு வர்றேன்” என்றால் கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது, இனமொழி. இந்த ஐந்தில் எதிலுமே ‘வருகிறேன்’, ‘வரவில்லை’ என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. ஆனாலும் கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. இந்த ஐந்தும் “அப்பொருண்மையின் நேர்ப” என்கிறார் பவணந்தி. விடையின் பொருளைத் தருவதால் இவற்றையும் விடையாக ஏற்றுக்கொள்வார்கள் என்று அர்த்தம்.

“ரெண்டு நாளா காய்ச்சல்” என்பதற்கு “வரமாட்டேன்” என்று எந்த அகராதியிலும் பொருள் கிடைக்காது. கல்யாண அழைப்புக்கு எதிரே வந்து நின்றதால்தான் அந்தப் பொருள் அதற்கு வந்தது. டாக்டர் “என்ன பண்ணுது?” என்று கேட்கும்போது இதே வாக்கியத்தைச் சொன்னால் அது வெறும் காய்ச்சல்தான். வாக்கியத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, எதிரே இருந்த கேள்வி மாறியிருக்கிறது. அதனால் நான் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: ஒருவர் சொன்ன சொல்லுக்குப் பொருள் தேடுவதற்கு முன்னால், அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்று பாருங்கள். சில நேரம் அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்டிருக்கவே மாட்டார்கள். உங்கள் வீட்டில் அன்று இரவு ‘நாளைக்கு மகள் வரும்போது மருமகள் இருப்பாளா?’ என்ற கேள்வி வெள்ளிக்கிழமையிலிருந்தே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. “உன் இஷ்டம்” அதற்கும் சேர்த்து வந்த விடை.

காய்ச்சலையும் கல்யாணத்தையும் கேட்பவர் எப்படி இணைத்துக்கொள்கிறார்? இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். பேசுகிறவர் நம்மோடு ஒத்துழைத்துத்தான் பேசுகிறார், சம்பந்தமில்லாமல் எதையும் சொல்லமாட்டார் என்று கேட்பவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையால், சொன்னதிலிருந்து சொல்லாததைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்கிறார். பவணந்தி விடைகளுக்குப் பெயர் வைத்து வகைப்படுத்தினார், கிரைஸ் கேட்பவர் மனத்துக்குள் நடக்கும் கணக்கை விளக்கினார். யார் முந்தி என்று சண்டை போட இதில் ஒன்றுமில்லை. இருவர் சொன்னதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது.

கேள்விகளும் அப்படித்தான். “வீட்ல சர்க்கரை இருக்கா?” என்ற ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கையில் டம்ளரோடு வாசலில் நின்று கேட்டால் கொளல் வினா. அவருக்குச் சர்க்கரை வேண்டும். ஊரிலிருந்து வந்த அம்மா, தூக்கி வந்த கட்டைப்பையைச் சமையலறைத் தரையில் இறக்கிக்கொண்டே கேட்டால் கொடை வினா. பைக்குள் இரண்டு கிலோ இருக்கிறது. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தபடி கணவர் கேட்டால் ஏவல் வினா. மளிகைச் சீட்டு எழுதும்போது கேட்டால்தான் அது இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்கான அறியா வினா. பேரன் வாயைச் சுற்றி வெள்ளையாக ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பாட்டி கேட்டாலோ அறிவினா. பதில் பாட்டிக்கு முன்பே தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் “ம், இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால், கேட்ட கேள்விக்கு முழு விடையும் சொல்லியாயிற்று. ஆனாலும் அவர் அப்படியே நின்றுகொண்டிருப்பார்.

இதே சொல் ஆஸ்பத்திரியில் வேறு. கையில் பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றிக்கொண்டே நர்ஸ் “சர்க்கரை இருக்கா?” என்று கேட்டால் எல்லாருக்கும் நோய்தான் நினைவுக்கு வரும். மதுரை, திருநெல்வேலிப் பக்கத்தில் காபியில் போடுவது சீனி. அதனால் அங்கே சர்க்கரை என்றதும் மனம் போகும் திசையே கொஞ்சம் வேறு.

பவணந்தியின் ஆறு வகைக்குள் அடங்காத ஒரு கேள்வியும் நம்மிடம் இருக்கிறது: “சாப்டாச்சா?” பதினொரு மணிக்கும் கேட்போம், நாலு மணிக்கும் கேட்போம். பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றோ, சோறு போட வேண்டும் என்றோ எப்போதும் கேட்பதில்லை. போலந்தில் பிறந்த மானிடவியலாளர் பிரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர்க் காலத்தில் இன்றைய பப்புவா நியூ கினியைச் சேர்ந்த டிரோபிரியாண்ட் தீவுகளில் அந்த மக்களோடு தங்கி, அவர்கள் பேச்சைக் குறித்துவைத்தவர். 1923-இல் வந்த ஒரு கட்டுரையில் இந்த மாதிரிப் பேச்சைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். தகவலுக்காக இல்லாமல் இரண்டு பேருக்கு இடையில் ஒட்டுதலை உண்டாக்கவே பேசும் பேச்சு அது என்றார். பேசிய சூழலைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்தால் பொருள் வராது என்பதும் அந்தக் கட்டுரையில் அவர் வற்புறுத்திய விஷயம். என் மாணவர்களில் பலர் முதல் மாதத்தில் “சாப்டாச்சா?” என்று கேட்பவர்களுக்கு என்ன சாப்பிட்டோம் என்று நீளமாக விவரம் சொல்வார்கள். அதில் தப்பே இல்லை, கேட்டவர்களுக்கும் சந்தோஷம்தான்.

தப்பு நடந்த ஓர் இடம் எனக்கு மறக்காது. பீகாரிலிருந்து திருச்சிக்கு வேலைக்கு வந்த ஒரு மாணவர். நல்ல கவனம். “கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லாதீர்கள், ‘போய்ட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும்” என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தேன். போவதைச் சொல்லும்போதே வருவதையும் சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். யாழ்ப்பாணத்தில் “போட்டு வாறன்” என்பார்கள். இலக்கணத்தில் இதை மங்கலம், அதாவது மங்கலமில்லாததை மங்கலமான சொல்லால் சொல்வது, என்ற தலைப்பில் சேர்க்கலாம். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸ், கடை, நண்பர் வீடு, எங்கேயும் தவறாமல் சொல்வார். அவரோடு வேலை பார்த்தவரின் அப்பா இறந்தபோது துக்கம் விசாரிக்கப் போனார். பந்தலுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து, நண்பரின் கையைப் பிடித்து, மனதார “போய்ட்டு வரேன்” என்றார்.

சாவு வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் எழுந்து வர வேண்டும். அந்த வீட்டுக்கு இதே காரியத்துக்கு மறுபடி வருவேன் என்று ஆகிவிடும். சுற்றி இருந்தவர்கள் சட்டென்று அவரைப் பார்த்தார்கள். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார். பெரியவர் ஒருவர் எழுந்து மாணவரின் தோளில் கை போட்டுத் தெருமுனைவரை கூடவே நடந்து வந்து, “தம்பி, இங்க மட்டும் அது சொல்றதில்ல” என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் வகுப்பில் அவர் இதை என்னிடம் சொன்னபோது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. எங்கே சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த நான், எங்கே சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. இப்போது இரண்டையும் ஒரே நாளில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவரைப் பற்றியும் சொல்கிறேன். சொன்ன சொல்லைவிடச் சொன்னவர் யார், எப்படிப்பட்ட மனதோடு வந்தார் என்று பார்த்தவர் அவர்.

அடுத்து, உங்களுக்கு வந்த “பரவாயில்லை”. ‘பர்வா’ உருது வழியாக வந்த சொல். கவலை, பொருட்படுத்துதல் என்று பொருள். அதோடு நம் ‘இல்லை’ சேர்ந்தது. பஸ்ஸில் காலை மிதித்தவர் “சாரிங்க” என்றால் “பரவாயில்லைங்க” என்கிறோம், அது மன்னிப்பு. இன்னொரு கரண்டி சோறு போட வந்தால் “பரவாயில்லை, போதும்” என்கிறோம், அது மறுப்பு. “உடம்பு எப்படி இருக்கு?” என்றால் “இப்போ பரவாயில்லை” என்கிறோம், நேற்றைக்கு இன்று மேல். “பையன் பரவாயில்லையே, நல்லா பாடுறானே!” என்றால் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது என்ற வியப்பு. அதையே இழுத்து, உதட்டைப் பிதுக்கி “ம்… பரவாயில்ல” என்றால் பிடிக்கவில்லை.

இதில் எது உங்களுக்கு வந்தது என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குரல் இல்லை, முகம் இல்லை, இழுத்துச் சொன்னாரா வெடுக்கென்று சொன்னாரா தெரியாது. நேரில் பேசும்போது இவைதான் பாதி வேலையைச் செய்கின்றன. எழுத்தில் மிஞ்சுவது ‘ம்மா’, ‘ங்க’, ‘டா’ போன்ற சின்ன ஒட்டுகள்தான். “சரி” என்று வந்தால் வெட்டிவிட்டது போல இருக்கும், “சரிம்மா” என்று வந்தால் மனம் ஆறும். உங்கள் மாமியார் சனிக்கிழமை “இஷ்டம்மா” என்றார், செய்தியில் வெறும் “பரவாயில்லை”. அதை வைத்துக் கோபம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். போனில் தமிழ்த் தட்டச்சு பழகாதவர்களுக்கு, மேலே வரும் பரிந்துரையைத் தொடுவதுதான் சுலபம். அவரிடமிருந்து வந்த பழைய செய்திகளை மேலே தள்ளிப் பாருங்கள். எல்லாமே ஒற்றைச் சொல்லாக இருந்தால் இதுவும் அவர் எழுதும் வழக்கம்தான். வழக்கமாக ‘ம்மா’ போட்டு எழுதுகிறவர் இந்த ஒரு முறை விட்டிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

தப்பு உங்களுடையதா என்று கேட்டீர்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. “இடம், பொருள், ஏவல் பார்த்துப் பேசு” என்று நாம் எப்போதும் பேசுகிறவருக்குத்தான் சொல்கிறோம். கேட்கிறவரும் இடம் பொருள் ஏவல் பார்க்க வேண்டும் என்பதற்கு வள்ளுவர் தனிப் பெயரே வைத்திருக்கிறார்: குறிப்பறிதல். திருக்குறளில் இந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 71-ஆவது அதிகாரம் அமைச்சர்களைப் பற்றிய பகுதியில், மன்னரைச் சேர்ந்து ஒழுகுவது எப்படி என்று சொல்லும் அதிகாரத்தை அடுத்து வருகிறது. “கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்” என்று தொடங்குகிறது. 110-ஆவது அதிகாரம் காமத்துப்பாலில் காதலர் இருவரைப் பற்றியது. ஒரே பெயர்தான். முதலாவதில் மேலே இருப்பவர் வாய் திறக்கமாட்டார், கீழே இருப்பவர் முகம் பார்த்துப் பிழைக்க வேண்டும். இரண்டாவதில் இருவரும் ஒருவரை ஒருவர் படிக்கிறார்கள், படிக்க ஆசைப்படுகிறார்கள்.

நம் வீடுகளில் மருமகளிடம் எதிர்பார்க்கப்படுவது பெரும்பாலும் முதல் வகை. பெரியவர்கள் பாதியைச் சொல்லாமல் விடலாம், மீதியைக் கண்டுபிடிப்பது சின்னவர்களின் கடமை. கண்டுபிடிக்கத் தவறினால் “இதுகூடத் தெரியாதா?” என்ற பேச்சு வரும். இது நியாயமான பங்கீடு என்று நான் நினைக்கவில்லை. ஆறு மாதத்தில் ஒரு வீட்டின் குறிப்பு மொழி முழுதாகப் பிடிபடாது. உங்கள் கணவர் அதை இருபத்தைந்து, முப்பது வருடமாகப் பேசுகிறவர். அன்று இரவு அவர் பக்கத்தில் இருந்திருந்தால், “அம்மா வேண்டாங்கிறாங்க, அடுத்த வாரம் போகலாம்” என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். அதே சமயம் நாத்தனார் வரும் செய்தி உங்களுக்கு முன்பே தெரியும் என்பதால், நீங்கள் கேட்ட கேள்வியில் அதையும் சேர்த்திருக்கலாம். “நாளைக்கு அண்ணி வர்றாங்களே, நான் இருக்கணுமா, இல்ல அம்மா வீட்டுக்குப் போய்ட்டு சாயங்காலம் வந்துடட்டுமா?” என்று கேட்டிருந்தால், அவர் “வேண்டாம்” என்று சொல்லாமலேயே “இருந்தா நல்லாருக்கும்மா” என்று சொல்ல வழி கிடைத்திருக்கும். அந்தக் கேள்விக்கும் “உன் இஷ்டம்” என்று பதில் வந்திருந்தால், அதை அப்படியே எடுத்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

“அம்மா வீட்டுக்கு” என்று நீங்கள் கேட்டதை நல்லதாகப் பார்க்கிறேன். புதிதாக மணமானவர்கள் பலர் பழக்கத்தில் “எங்க வீட்டுக்குப் போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிடுவார்கள். தமிழில் ‘நாம’ கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், ‘நாங்க’ அவரை வெளியே நிறுத்திவிடும். ‘நம்ம’, ‘எங்க’ இரண்டும் அப்படியே. மாமியாரிடம் பிறந்த வீட்டை “எங்க வீடு” என்றால், இந்த வீடு யாருடையது என்ற கேள்வி அவருக்கு எழும். சொன்னவர் கனவிலும் அப்படி நினைத்திருக்கமாட்டார். மாமியார்களும் இதையே தலைகீழாகச் செய்வதுண்டு. மருமகள் காதில் விழ, மகளிடம் “நம்ம வீட்ல இதெல்லாம் பழக்கம் இல்ல” என்பார்கள்.

இப்போது என்ன செய்யலாம்? போனை விட்டுவிடுங்கள், இனி அதில் இந்தப் பேச்சு வேண்டாம். சமையலறையில் அவர் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள். கை வேலையாக இருக்கும்போது, முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் பெரியவர்களுக்குப் பேச்சு எளிதாக வரும். “கோபமா அத்தை?” என்று கேட்காதீர்கள். அதற்கு “இல்லையே” என்ற ஒரே விடைதான் உண்டு. நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: “ஞாயித்துக்கிழமை அண்ணி வந்தப்ப நான் இருந்திருக்கணும் அத்தை. நீங்க ‘உன் இஷ்டம்’னு சொன்னதும் போகச் சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டேன். இனிமே வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

அவர் உடனே “சரி” என்று சொல்லமாட்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு” என்பார். கொஞ்ச நேரம் காய் நறுக்குவார். அப்புறம் எழுந்து அடுப்புப் பக்கம் போய், “காபி போடட்டுமா?” என்று கேட்பார். அது கொடை வினா. “போடுங்க அத்தை” என்று நேராகச் சொல்லுங்கள்.